சங்கம் வைத்து என்ன செய்ய முடியும்? கோவை–திருப்பூர் தொழில் அமைப்புகளை முன்வைத்து ஒரு விளக்கம்

2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கின் தலைப்பு இது: திருப்பூர் சாய ஆலை உரிமையாளர்கள் சங்கம் எதிர் நொய்யல் நதி ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம். வழக்காடியவரும் சங்கம், எதிர்த்தரப்பும் சங்கம். ஒரு பக்கம் சாயக் கழிவை ஆற்றில் விட்ட பட்டறைகள். மறுபக்கம் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சி நிலம் பாழான விவசாயிகள். தனியொரு பட்டறைக்காரர் இந்த வழக்கை டெல்லி வரை கொண்டுபோயிருக்க மாட்டார். ஒரத்துப்பாளையம் அணையை நம்பிச் சில ஏக்கர் வைத்திருந்த விவசாயிக்கும் அது முடியாத காரியம். வக்கீல் கட்டணம், ஆய்வக அறிக்கை, ஆண்டுக்கணக்கான வாய்தா எல்லாவற்றையும் நூற்றுக்கணக்கானவர்கள் பங்குபோட்டுக் கொண்டதால்தான் அந்த வழக்கு நடந்தது.

தொழில் சங்கம் என்றதும் பொன்னாடை, குத்துவிளக்கு, அமைச்சருக்கு மனு என்ற சித்திரம் வருவது இயல்பு. அதெல்லாம் மேல்பூச்சு. ஒருவர் தனியாகச் செய்தால் கட்டுப்படியாகாத வேலையைச் செலவைப் பிரித்துக்கொண்டு செய்வதுதான் சங்கத்தின் அடிப்படை. அந்த வேலை அளவெடுப்பதாக இருக்கலாம், சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதாக இருக்கலாம், கூலி பேசுவதாக இருக்கலாம். அதே கூட்டத்தில் விலையைப் பேச ஆரம்பித்தால் சங்கம் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு எங்கே ஓடுகிறது என்பதைக் கோவை–திருப்பூர் வட்டாரத்தை வைத்துப் பார்ப்பது எளிது. இங்கே பருத்தி நூலாகி, நூல் துணியாகி, சாயமேறி, பனியனாகிக் கப்பலேறுவதற்குள் கட்டத்துக்கு ஒரு சங்கம் குறுக்கே வரும். தென்னிந்திய மில்கள் சங்கம் 1933-இல் தொடங்கியது; கோவை மாவட்ட சிறுதொழில்கள் சங்கமான கொடிசியா 1969-இல்; திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990-இல். நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று, கூலிக்குச் செய்துதரும் ஒவ்வொரு ஜாப் ஒர்க்குக்கும் தனித்தனியாக வேறு இருக்கிறது.

பதிவும் படிவம் 7-உம்

லாப நோக்கற்ற அமைப்பு என்றால் லாபமே வரக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். வரலாம். கண்காட்சி நடத்தி நல்ல தொகை மிஞ்சலாம், கட்டடம் வாங்கலாம், சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். மிச்சத்தை உறுப்பினர்கள் பங்குபோட்டுக்கொள்ள மட்டும் முடியாது. அது சங்கத்தின் நோக்கத்துக்கே திரும்பிப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான சங்கங்கள் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவானவை. குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். அமைப்பு விதி, துணை விதி இரண்டும் தாக்கலாக வேண்டும். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக்கூடாது. குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. இன்னொரு வழி, 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் உரிமம் பெற்ற நிறுவனமாகத் தொடங்குவது. பழைய ஆட்கள் இதை இன்றும் 25-ஆம் பிரிவு கம்பெனி என்பார்கள். 1956 சட்டத்தில் அந்த எண். கணக்கு, தணிக்கை, ஆண்டுத் தாக்கல் ஆகியவற்றில் இது கெடுபிடியானது. வங்கிக் கடன், மத்திய அரசு மானியம் என்று பெரிய திட்டங்களில் இறங்குகிறவர்களுக்கு அந்தக் கெடுபிடியே உதவும்.

சங்கம் உடையும் இடம் பெரும்பாலும் தேர்தல். குழு மாறினால் புதிய நிர்வாகிகள் பட்டியலைப் படிவம் 7-இல் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு அணி இருந்தால் இரண்டு பொதுக்குழு நடக்கும், இரண்டு படிவம் 7 பதிவாளர் மேசைக்குப் போகும். எந்தத் தேர்தல் செல்லும் என்று இறுதியாகத் தீர்மானிக்கும் அதிகாரம் பதிவாளருக்குக் கிடையாது. அவர் விசாரிக்கலாம், தகராறு தீராவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான். இதற்கிடையில், நடப்பு நிர்வாகிகள் யார் என்பதற்குச் சான்றிட்ட நகலை வங்கி கேட்கும். அது கிடைக்காமல் காசோலை நிற்கும், ஊழியர் சம்பளம் நிற்கும். வாக்காளர் பட்டியலை எந்தத் தேதியில் இறுதி செய்வது, சந்தா பாக்கி வைத்தவருக்கு ஓட்டு உண்டா, ஒரே குடும்பத்தின் மூன்று நிறுவனங்களுக்கு மூன்று ஓட்டா, இயந்திரம் விற்பவரும் ஆலோசகரும் ஓட்டில்லாத இணை உறுப்பினர்களா, தலைவர் தொடர்ந்து எத்தனை முறை இருக்கலாம்: இந்த ஐந்துக்கும் துணை விதியில் தெளிவான பதில் இருந்தால் வழக்குகளில் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது. ஆனால் தொடங்கும்போது எல்லாரும் நண்பர்கள். பக்கத்து ஊர்ச் சங்கத்தின் துணை விதியை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றித் தாக்கல் செய்துவிடுகிறார்கள்.

சந்தாவும் வரியும்

சந்தாவை எல்லோருக்கும் ஒரே தொகையாக வைத்தால் சிறியவர் வரமாட்டார். விற்றுமுதலை வைத்து வாங்கினால் பெரியவர், அதிகம் கட்டுகிற தனக்கே அதிகக் குரல் வேண்டும் என்பார். நூற்கும் கதிர் (ஸ்பிண்டில்) எண்ணிக்கை, தறி எண்ணிக்கை, ஆள் எண்ணிக்கை போல எளிதில் மறைக்க முடியாத அளவுகோலில் மூன்று நான்கு படிகள் வைத்து, ஓட்டை மட்டும் ஆளுக்கு ஒன்றாக வைப்பது நடைமுறையில் நிற்கும் ஏற்பாடு.

வரியில் அடிப்படைக் கொள்கை பரஸ்பரத் தன்மை: தன் உறுப்பினரிடம் வாங்கி அவர்களுக்கே செலவழிப்பது வருமானமாகாது. இதில் ஓட்டைகள் பல. வங்கியில் போட்ட வைப்புத்தொகையின் வட்டிக்கு இந்தக் கொள்கை பொருந்தாது. அந்த வங்கியே கிளப்பின் உறுப்பினராக இருந்தாலும் பொருந்தாது என்று 2013-இல் பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழில் சங்கம் தன் உறுப்பினருக்கே குறிப்பிட்ட சேவை செய்து கட்டணம் வாங்கினால், 1961 வருமான வரிச் சட்டம் அதைத் தொழில் வருமானமாகவே கணக்கிட்டது. பொதுநல அமைப்பாகப் பதிவு பெற்று விலக்குக் கேட்கும் சங்கங்களுக்கு வணிகத்தன்மை கொண்ட வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் உண்டு. ஆண்டுதோறும் பெரிய கண்காட்சி நடத்தும் சங்கங்கள் இடறி விழும் இடம் இதுதான்.

ஜிஎஸ்டி இன்னும் குழப்பம். தொழில், வணிகத்தை வளர்க்கும் லாப நோக்கற்ற அமைப்பின் உறுப்பினர் சந்தா ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை விலக்கு. அதற்கு மேல் போனால், சங்கத்தின் மொத்த வரவு பதிவு வரம்பைத் தாண்டியிருந்தால், 18 சதவீதம். சங்கமும் உறுப்பினரும் வேறு வேறு ஆள் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்தி, 2017 ஜூலை 1 முதலே அமலாவதாக வைத்தார்கள். இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை எதிர்த்து வழக்குப் போட்டது. 2025 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் அந்தத் திருத்தம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. அதை நம்பித் தமிழ்நாட்டுச் சங்கம் ஒன்று வரி வசூலிப்பதை நிறுத்துவது அவசரப்பட்ட காரியம். கட்டிய வரியைத் தன் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவை எடுக்கத் தெரிந்த தொழிலதிபருக்கு அந்த 18 சதவீதம் பெரிய சுமையும் இல்லை.

அளவெடுக்கும் வேலை

சங்கங்கள் செய்ததிலேயே பெரிதாகப் பேசப்படாத, ஆனால் மிக நல்ல பலன் தந்த வேலை ஒப்பீட்டு ஆய்வு. ஜவுளி ஆலைகளே சேர்ந்து ஆராய்ச்சி அமைப்பு வைப்பது அகமதாபாத்தில் 1947-இல் அட்டிரா மூலம் தொடங்கியது. பம்பாயில் 1954-இல் பிட்ரா. கோவையில் 1956-இல் சிட்ரா. சிட்ராவின் ஆலைகளுக்கிடையிலான ஆய்வு எப்படி நடக்கும் என்று பார்த்தால் சங்கம் என்ற ஏற்பாட்டின் அருமை புரியும்.

ஒரு ஆலை தன் உற்பத்தித்திறன் நல்லதா மோசமா என்பதைத் தனக்குள்ளேயே உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து ஆலைக்காரர் தன் கணக்கைக் காட்டமாட்டார். இரண்டு பேரும் காட்டினாலும் ஒருவர் 30-ஆம் நம்பர் நூல் ஓட்டுவார், இன்னொருவர் 80. நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது. நைஸ் நூலில் ஒரு கிலோவுக்கு ஆகும் நேரமே வேறு என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. இதற்காகத்தான் 100 கிலோ நூல் தயாரிக்க எத்தனை ஆள்-மணி ஆகிறது என்பதை எடுத்து, 40-ஆம் நம்பருக்கு ஈடாக மாற்றிச் சொல்லும் அளவு வந்தது. ஆலை வட்டாரத்தில் ஹெச்ஓகே என்றால் தெரியும். ஒரு கதிர் எட்டு மணி நேர ஷிப்டில் எத்தனை கிராம் தருகிறது என்பதையும் இப்படியே மாற்றிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு குறியீட்டு எண். அறிக்கையில் ஆலைப் பெயர் இருக்காது. தன் எண் எது என்று அந்த ஆலைக்கு மட்டும் தெரியும். சராசரி எங்கே, மேலே இருப்பவர்கள் எங்கே, நான் எங்கே என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆள்-மணி கூடுதலாகத் தெரிந்தால் அடுத்த கேள்வி எந்தப் பிரிவில் என்பது. ஸ்பின்னிங் பிரிவில் என்றால் இழை அறுவது அதிகமா, நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றும் டாஃபிங் ஆள் கூடுதலா, கதிர்களைப் பார்த்துக்கொள்ளும் சைடர் ஒருவருக்கு ஒதுக்கிய கதிர்கள் குறைவா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். இழை அறுப்பு அதிகம் என்றால் பஞ்சுக் கலவையிலோ, ஈரப்பதத்திலோ, நூலை வழிநடத்தும் டிராவலர் என்ற சிறு வளையத்தின் தேய்மானத்திலோ காரணம் இருக்கும். இந்தத் தேடல் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்த ஒரு எண் காட்டிக்கொடுக்கிறது. இந்த ஏற்பாடு கெடுவதும் எளிது. பத்து ஆலை மட்டும் தகவல் தந்தால் எண்ணுக்குப் பின்னால் யார் என்று எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். அடுத்த முறை ஐந்து பேர் தரமாட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளரைக் கணக்கில் சேர்க்காமல் விடும் ஆலை போலியாக மேலே நிற்கும். அதனால் படிவத்தை அனுப்பி நிரப்பி வாங்குவதோடு நிறுத்தாமல், அமைப்பின் ஆட்கள் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். அதற்குச் சம்பளம் வாங்கும் நிரந்தர ஊழியர்கள் தேவை, அதற்கு நிலையான சந்தா தேவை.

சாயக் கழிவு: சேர்ந்து கட்டியதும் சேர்ந்து மாட்டியதும்

திருப்பூர் சாயப்பட்டறைகள் 1990-களின் பிற்பகுதியில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. சுண்ணாம்பு, ஃபெரஸ் சல்பேட் போட்டு நிறத்தை இறக்கி, அடியில் படியும் சேற்றைப் (ஸ்லட்ஜ்) பிரித்து, தண்ணீரை ஆற்றில் விட்டார்கள். நிறம் போனது, உப்பு போகவில்லை. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற, சாயக் குளியலில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போட வேண்டும். அந்த உப்பை இரசாயனச் சுத்திகரிப்பும் தொடாது, நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பும் தொடாது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. அந்த வரம்பைத் தாண்டிய தண்ணீர்தான் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. அதன் பிறகும் கழிவு நிற்கவில்லை என்று ஆயக்கட்டுதாரர்கள் அவமதிப்பு மனு போட, 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. ஒழுங்காக நடத்தியவரும் சேர்ந்தே மூடினார். பொது நிலையத்தின் குழாய் ஒன்று என்றால் பொறுப்பும் ஒன்றுதான்.

மறுபடி திறக்க வேண்டுமென்றால் சொட்டுத் தண்ணீர் வெளியே போகக்கூடாது. கழிவு முதலில் சமநிலைத் தொட்டியில் கலக்கும். பிறகு நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு, வடிகட்டல், அதன்பின் ஆர்.ஓ. பெரும்பகுதித் தண்ணீர் பட்டறைக்கே திரும்பும். உப்பெல்லாம் மிஞ்சும் கழிவில் அடர்ந்து நிற்கும். அதை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்துக் கிளாபர் உப்பாக (சோடியம் சல்பேட்) பிரிக்கலாம், அல்லது நிறமும் கடினத்தன்மையும் நீக்கி உப்புக் கரைசலாகவே சாயக் குளியலுக்குத் திருப்பலாம். இரண்டாவது வழியில் எவாப்பரேட்டர் செலவு குறையும். கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மிஞ்சுகிறது. அதை மழை படாமல் கொட்டகையில் அடுக்கி வைத்திருப்பது இன்னும் தீராத தலைவலி.

இந்தப் பொது நிலையங்கள் தனித்தனி கம்பெனிகள்; உறுப்பினர் பட்டறைகளே பங்குதாரர்கள். கட்டணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் நிலையம் பிழைப்பதும் விழுவதும் இருக்கிறது. கடன் தவணை, சம்பளம், பராமரிப்பு ஆகிய நிலையான செலவை ஒதுக்கிய கொள்ளளவை வைத்தும், மின்சாரம், இரசாயனம் ஆகியவற்றை மீட்டரில் ஓடிய அளவை வைத்தும் வாங்குவது நியாயமான வழி. எல்லாவற்றையும் லிட்டர் கணக்கில் வாங்கினால், ஆர்டர் குறைந்த மாதத்தில் கழிவு குறையும், வரவு குறையும், தவணை நிற்கும். நுண்ணுயிருக்கும் தீனி குறைந்து பயோ தொட்டி படுத்துவிடும். ஆர்டர் திரும்பி வரும்போது சுத்திகரிப்பு சரிவர நடக்காது. லிட்டர் கட்டணம் கூடக் கூட, இரவில் மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடும் ஆசையும் கூடும். ஒருவர் செய்தாலும் பழி எல்லோர் மீதும். அதனால் அரசு அதிகாரியைவிடச் சக உறுப்பினருக்கே கண்காணிக்கும் அக்கறை அதிகம். மீட்டர் பதிவையும் பட்டறை வாங்கிய தண்ணீரையும் மாதாமாதம் ஒப்பிட்டாலே திருட்டு தெரிந்துவிடும்.

இங்கே ஒரு முரண் உண்டு. ஏற்றுமதியாளர்கள் சங்கம் முன்னின்று அரசோடும் நிதி நிறுவனத்தோடும் சேர்ந்து, பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் குடிநீர்–தொழில்நீர்த் திட்டத்தை உருவாக்கியது. தண்ணீரை அதிகம் வாங்க வேண்டியவை சாயப்பட்டறைகள். அவை தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கியதும் வெளியிலிருந்து வாங்கும் தேவை குறைந்தது. சுத்திகரிப்பு என்ற தீர்வு, குழாய்த் தண்ணீர் என்ற முந்தைய தீர்வின் வருமானத்தைத் தின்றது.

மனு கொடுக்கும் கலை

கோரிக்கை மனுவில் அமைச்சரைப் பாராட்டும் பத்தி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குப் பயன் குறையும். அதிகாரி தேடுவது வேறு: பொருளை வகைப்படுத்தும் எட்டு இலக்க ஹெச்எஸ் குறியீடு, இப்போதைய வரி, கேட்கும் வரி, அரசுக்கு எவ்வளவு இழப்பு, கேட்டது கிடைத்தால் யார் எதிர்ப்பார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாத மனு தூங்கும். எதிர்ப்பவர் சங்கத்தின் மனு ஏற்கெனவே அதே மேசையில் இருக்கும்.

ஜவுளியில் இது கண்கூடு. 2021 பட்ஜெட்டில் பருத்தி இறக்குமதிக்கு மொத்தம் 11 சதவீத வரி வந்தது. மில்கள் நீக்கச் சொன்னன. பருத்தி விவசாயிகள் இருக்கட்டும் என்றார்கள். 2022 ஏப்ரல் 14 முதல் சில மாதங்களுக்கும், அமெரிக்க வரி உயர்ந்த 2025-இல் ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரையும் விலக்கு வந்தது. இரண்டுமே தற்காலிகம், அரசு இரு தரப்பையும் கையில் வைத்துக்கொண்டது. நூல் விஷயத்தில் கோவையும் திருப்பூரும் எதிரெதிர். நூல் வெளிநாட்டுக்குப் போவதைக் கட்டுப்படுத்து என்று பனியன் சங்கங்கள் கேட்க, 2010–11-இல் பருத்தி நூல் ஏற்றுமதிக்கு 72 கோடி கிலோ உச்சவரம்பு வந்தது. மில்களுக்குக் கடும் கோபம். 2022 மே 16, 17 தேதிகளில் நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூரே கதவடைத்தது. செயற்கை இழையில் இழைக்கு 18, நூலுக்கு 12, துணிக்கு 5 சதவீதம் என்று ஜிஎஸ்டி தலைகீழாக இருந்தது. சரிசெய்ய எல்லாவற்றையும் 12 ஆக்கும் முடிவு 2022 ஜனவரி முதல் வர இருந்தது. துணி வியாபாரிகளின் எதிர்ப்பால் 2021 டிசம்பர் 31 அன்று தள்ளிப்போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இழையும் நூலும் 5 சதவீதத்துக்கு இறங்கியபோதுதான் அது தீர்ந்தது. சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் ஒத்துக்கொள்ளக்கூடிய திசை கீழே இறங்குவது ஒன்றுதான் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கூலிப் பேச்சிலும் சங்கம் இல்லாமல் நடக்காது. 1984-இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றும் முதலாளிகள் தரப்புச் சங்கங்கள் ஒரு வரிசையிலும் தொழிற்சங்கங்கள் மறு வரிசையிலும் உட்கார்ந்து பல ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் போடுகின்றன. விசைத்தறியில் நிலைமை மோசம். பல்லடம், சோமனூர் பக்கம் கூலிக்கு நெசவு செய்பவர் தொழிலாளியும் அல்ல, முழு முதலாளியும் அல்ல. கலெக்டர் முன்னிலையில் கையெழுத்தான கூலி உயர்வை ஜவுளி உற்பத்தியாளர் சில மாதத்தில் குறைத்துவிட்டால், மீட்க எந்தச் சட்டத்தில் போவது? அதனால்தான் 2025 வேலைநிறுத்தத்தில் கூலியைக் கூட்டு என்பதோடு, ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடு என்றும் கேட்டார்கள்.

விலை பேசும் இடத்தில்

2002 போட்டிச் சட்டம் சங்கங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரே தொழிலில் போட்டியிடுபவர்கள் சங்கம் வழியாக விலையையோ உற்பத்தி அளவையோ முடிவு செய்தாலும், சந்தையைப் பிரித்துக்கொண்டாலும், அது போட்டியைக் கெடுப்பதாகவே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை சங்கத்தின் தலையில். அபராதம் விற்றுமுதலில் 10 சதவீதம் வரை. போட்டியாளர்கள் கூட்டுச் சேர்ந்த கார்ட்டெல் என்றால் லாபத்தின் மும்மடங்கு வரை போகலாம். நிர்வாகிகள் மீது தனிப்பட்ட முறையிலும் விழும்.

2012-இல் சிமெண்ட் நிறுவனங்கள் பதினொன்றுக்கும் சிமெண்ட் உற்பத்தியாளர்கள் சங்கத்துக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 6,300 கோடி ரூபாய்க்குக் குறையாமல் அபராதம் போட்டது. நடைமுறைக் குறையால் அந்த உத்தரவு ரத்தாகி, 2016-இல் மறுபடி வந்தது. 2018-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் உறுதி செய்தது. சங்கங்கள் கவனிக்க வேண்டியது அதன் நுணுக்கம். விலைத் தகவலை அரசுத் துறை கேட்டதால்தான் திரட்டினோம் என்பது சங்கத்தின் வாதங்களில் ஒன்று. திரட்டுவது வேறு, போட்டியாளர்கள் ஒருவர் விலையை ஒருவர் அறிந்துகொள்ளும் மேடையாக அது மாறுவது வேறு என்று ஆணையம் பார்த்தது. சிட்ராவின் குறியீட்டு எண் முறையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெயர் மறைத்த, முடிந்துபோன காலத்தின் உற்பத்தித்திறன் புள்ளிவிவரம் பாதுகாப்பானது. பெயரோடு, இந்த வாரத்தின் விற்பனை விலை ஆபத்தானது.

மருந்துக் கடைகளின் கதை இன்னும் நேரடி. புதிய ஸ்டாக்கிஸ்டை நியமிக்க எங்கள் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், மொத்த வியாபாரிக்கும் சில்லறைக் கடைக்கும் இவ்வளவு மார்ஜின் தர வேண்டும், இல்லையென்றால் அந்த மருந்து கம்பெனியைப் புறக்கணிப்போம் என்பது பல ஆண்டு வழக்கம். 2013 பிப்ரவரியில் அகில இந்திய மருந்து வணிகர்கள் அமைப்புக்குச் சுமார் 47 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது.

நாமக்கல் முட்டை விலை இதற்கு நடுவே நிற்கும் விநோதம். 1982-இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை பரிந்துரை விலை. ஏஜென்சிகளும் இடைத்தரகர்களும் பண்ணையாளர்களை அமுக்கி வாங்கிய காலத்தில் அது சிறு பண்ணைக்குப் பிடிமானமாக இருந்தது. ஆனால் வியாபாரி அறிவித்த விலையிலிருந்து இத்தனை பைசா மைனஸ் என்று பேசித்தான் வாங்கினார். கோடையில் முட்டை தேங்கும்போது எந்த அறிவிப்பும் நிற்காது.

இதைத் தவிர்க்கச் சங்கங்கள் செய்யக்கூடியது சிக்கலானதல்ல. கூட்ட நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே எழுத்தில் போக வேண்டும். யாராவது ரேட் பேச ஆரம்பித்தால் தலைவர் நிறுத்த வேண்டும். நிறுத்தியதை மினிட்ஸில் எழுத வேண்டும். நூல் விலை ஏறியதால் ஜாப் ஒர்க் கட்டணத்தை இத்தனை சதவீதம் ஏற்றுகிறோம் என்று லெட்டர்பேடில் சுற்றறிக்கை விடுவதும், பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பதும் இங்கே சாதாரணம். நாளை யாராவது புகார் கொடுத்தால் அந்தச் சுற்றறிக்கையே சாட்சி. செலவு எந்தெந்த இனத்தில் எவ்வளவு கூடியது என்ற விவரத்தை மட்டும் வெளியிட்டு, கட்டணத்தை ஒவ்வொருவரும் தனியாக முடிவு செய்ய விடலாம். நடுவரால் தீராத கூலித் தகராறு இருந்தால் அரசு முன்னிலையில் முத்தரப்பாகப் பேசலாம்.

சங்கம் கட்டாயம் தேவைப்படும் இடமும் சட்டத்திலேயே உண்டு. புவிசார் குறியீட்டைத் தனி உற்பத்தியாளர் தன் பேரில் வாங்க முடியாது. உற்பத்தியாளர்களைப் பிரதிநிதிக்கும் சங்கமோ அமைப்போதான் விண்ணப்பிக்க முடியும். கோவை வெட் கிரைண்டருக்கு அப்படி வாங்கியது கிரைண்டர் உற்பத்தியாளர்கள் சங்கம். பதிவு பத்தாண்டுக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். சான்று வந்ததும் விழா எடுத்துவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக உறுப்பினர் ஒவ்வொருவரையும் பதிவு செய்யும் வேலையை விட்டுவிடுவது பல பொருட்களில் நடக்கிறது. அந்தப் பதிவு இல்லாதவர் குறியீட்டைப் பயன்படுத்த உரிமை கோர முடியாது.

தொழில்முறையாளர் சங்கங்களில் வேறு குழப்பம். பார் கவுன்சிலும் மருத்துவ கவுன்சிலும் சட்டத்தால் வந்தவை. உரிமத்தைக் கொடுக்கவும் பறிக்கவும் முடியும். வழக்கறிஞர் சங்கமும் மருத்துவச் சங்கமும் விருப்பச் சேர்க்கை. சந்தா, நூலகம், நலநிதி, போராட்டம் வரைதான். குற்றம்சாட்டப்பட்ட போலீஸாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வழக்கறிஞர்கள் சங்கம் போட்ட தீர்மானம் செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. உறுப்பினரின் தொழில் கடமையைச் சங்கத் தீர்மானத்தால் நிறுத்திவைக்க முடியாது.

சேர நினைக்கும் சிறு நிறுவனம் சந்தா கட்டும் முன் மூன்று காகிதம் கேட்கலாம்: கடைசி மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு, நடப்பு நிர்வாகிகளின் பதிவான படிவம் 7, துணை விதியின் முழு நகல். கணக்கில் ஊழியர் சம்பளத்தையும் விழாச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த மாதிரிச் சங்கம் என்பது விளங்கும். விலகுவதானால் எழுத்தில் விலகித் தேதியோடு ஒப்புதல் வாங்க வேண்டும். விலகிய பிறகு கூட்டத்துக்குப் போகவே கூடாது. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு வைத்திருந்தால் சங்கத்திலிருந்து விலகுவது மட்டும் போதாது. பங்கு மாற்றமும், வங்கிக்குக் கொடுத்த சொந்த உத்தரவாதத்தின் விடுவிப்புக் கடிதமும் கைக்கு வரும்வரை அந்தக் கடன் அவருடையதுதான்.